காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா? ஸ்ப்ரே கன்னை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அந்த மாதிரி வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊர். ஒரே ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய கராஜ். சுவர் முழுக்க பாலிதீன் ஷீட் தொங்குகிறது, தரை ஈரமாக இருக்கிறது. வெள்ளை ஓவரால் போட்ட ஒருவர், தன் கையால் கட்டிய கிட் காருக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். 20 நிமிட வீடியோவின் முடிவில் கார் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. நீங்கள் வீடியோவை நிறுத்திவிட்டு, கீழே பார்க்கிங்கில் வெளிறிப்போய் நிற்கும் அப்பாவின் பழைய காரை நினைக்கிறீர்கள். 'நாமே அடித்தால் என்ன?'

எனக்கும் அதேதான் தோன்றியது. அப்பாவின் 1997 மாடல் மாருதி 800, சிவப்பு நிறம். ஒர்க்‌ஷாப்பில் முழு பாடிக்கு 40,000 ரூபாய் கேட்டார்கள். கார் அந்த விலைக்குப் போகுமா என்பதே சந்தேகம். பெங்களூரில் நான் வாடகைக்கு இருந்த தனி வீட்டில் கார் ஷெட் இருந்தது. கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு கதவும் பானட்டும் அடித்து முடித்த அன்று இரவு எனக்கு மூச்சு இழுத்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில், அந்த இங்கிலாந்துக்காரர் கராஜில் ஏன் அடிக்கிறார் என்று பார்த்துவிடலாம்.

கிட் கார் என்றால் என்ன?

சேஸிஸ், பாடி பேனல்கள் எல்லாம் தனித்தனியாக வரும். எஞ்சின், கியர்பாக்ஸ் பெரும்பாலும் வேறொரு பழைய காரிலிருந்து எடுத்தவை. வாங்கியவரே வீட்டில் கோர்த்துக்கொள்ள வேண்டும். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இதற்குப் பிரபலமான உதாரணம். அன்றைய பிரிட்டனில் முழு காருக்கு பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு, உதிரி பாகங்களாக வாங்கினால் கிடையாது. 1973-ல் வாட் வரி வந்த பிறகு அந்தச் சலுகை போனது. ஆனால் பழக்கம் போகவில்லை. அதே 1973-ல் செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் அதை கிட்டாக விற்கிறது.

இந்தியாவில் அப்படி ஒன்றைக் கட்டி, நம்பர் பிளேட் வாங்கி ரோட்டில் ஓட்டுவது நடைமுறையில் முடியாத காரியம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-வது விதிப்படி, உற்பத்தியாளர் தன் மாடலின் முன்மாதிரியை ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்பிடம் சோதனைக்குக் கொடுத்து சான்று வாங்க வேண்டும். கம்பெனிகளுக்காக எழுதப்பட்ட ஏற்பாடு இது. ஒரே ஒரு கார் கட்டும் தனி ஆளுக்கு இதில் இடமில்லை. ஆக, நம் ஊரில் 'வீட்டில் கார் பெயிண்ட்' என்றால் அது பழைய காருக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான். வேலை கிட்டத்தட்ட ஒன்றே. ஒரு வித்தியாசம், கிட் கார் பாடி பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டியிருக்கும் மெழுகை முழுசாகத் துடைக்காவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. நம்முடையது தகரம், எனவே நம் எதிரி துரு.

முடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்

ஃபேக்டரியிலிருந்து வரும் காரில் பெயிண்டின் மொத்தத் தடிமன் சுமார் 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். இந்த இரண்டு முடி தடிமனுக்குள் நான்கு அடுக்கு இருக்கிறது. அடியில் துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியோடு பூசப்படும் ஈ-கோட், அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக கிளியர் கோட். நிறத்துக்கான அடுக்கு வெறும் 15-20 மைக்ரான்தான். பளபளப்பு, வெயில் தாங்கும் சக்தி எல்லாம் 40-50 மைக்ரான் கிளியரில் இருக்கிறது. சிவப்பு கார் வெளிறி, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டினால், அது பெரும்பாலும் மேலே கிளியர் இல்லாத பழைய பெயிண்ட்.

இதில் ஈ-கோட்டை உங்களால் வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது. காரையே தொட்டியில் முக்கி எடுக்கும் வேலை அது. அதனால் பழைய பெயிண்ட் உறுதியாக இருக்கும் இடத்தில் தகரம் தெரியும்வரை தேய்க்காதீர்கள். ஆர்வக்கோளாறில் நான் பானட்டை முழுக்க உரித்தேன். இரண்டே நாளில், மழைக்காலக் காற்றில், பானட் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படர்ந்தது. மறுபடி முதலிலிருந்து.

வேலை இருப்பது கன்னில் இல்லை, உப்புத்தாளில்

வீடியோக்கள் ஏமாற்றும் இடம் இதுதான். ஸ்ப்ரே செய்வது ஒரு மதிய வேலை. அதற்கு முன்னால் தேய்ப்பது வாரக்கணக்கு.

முதலில் கழுவுவது. சோப்புத் தண்ணீர், பிறகு கிரீஸ், மெழுகு எடுக்கும் வாக்ஸ் ரிமூவர். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கை உப்புத்தாளே கீறல்களுக்குள் தள்ளிவிடும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் இரண்டையும் ஷெட் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றில் இருக்கும் சிலிகான் ஒரு துளி பட்டாலும், அந்த இடத்தில் பெயிண்ட் விலகி ஓடி, மீன் கண் மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளங்கள் வரும். அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் மூடாது.

அடுத்து டிங்கரிங். நசுங்கலைத் தட்டி நிமிர்த்தும் வேலையை டிங்கரிடம் விட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய கைத்திறன் அது. மிச்சமிருக்கும் சின்னப் பள்ளங்களுக்குப் பட்டி. பட்டியோடு கலக்கும் ஹார்டனர் 100 கிராமுக்கு 2 கிராம் அளவில்தான் இருக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் போட்டால், சில மாதம் கழித்து அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறும்.

பட்டியை 80 நம்பர் தாளில் ஆரம்பித்து, 180, 320 என்று ஏறுங்கள். கையை நேரடியாக வைத்துத் தேய்க்காதீர்கள், தாளை ஒரு கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். விரல்கள் பள்ளம் போடும். அந்தப் பள்ளம் இப்போது தெரியாது, கிளியர் அடித்த பிறகு டியூப்லைட் பிரதிபலிப்பில் நெளிநெளியாகத் தெரியும். பிரைமர் அடித்ததும் அதன் மேல் கறுப்பு பெயிண்டை மிக லேசாகத் தூவிவிட்டு, காய்ந்ததும் தேயுங்கள். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் கறுப்பு முழுசாகப் போய்விடும். பள்ளத்தில் மட்டும் நிற்கும். எங்கே குறை என்று காரே காட்டிக்கொடுக்கும் இந்தச் செலவில்லாத வித்தையை எனக்குச் சொன்னது வீடியோ இல்லை, ஒரு பழைய பெயிண்டர்.

பேஸ் கோட்டுக்கு முன் 600 அல்லது 800 வாட்டர் பேப்பரில், தண்ணீர் விட்டு. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, தூசி பறக்காது. பழைய காரின் மஞ்சள், சிவப்பு பெயிண்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்று உச்சவரம்பு போட்ட 2016 விதிகள், பெயரிலேயே சொல்வதுபோல் வீட்டு, அலங்காரப் பெயிண்ட்களுக்கானவை. அதனால் காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் அங்கே தேய்க்கவே வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

என் தொழில் எண்களோடு இருப்பது. அதனால் பெயிண்ட் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டேன், தோராயமாகத்தான்.

மாருதி 800 அளவுள்ள காரில் பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீட்டர். அதில் 50 மைக்ரான் கிளியர் உட்கார வேண்டும் என்றால், காய்ந்த படலத்தின் கன அளவு அரை லிட்டர். ஸ்ப்ரே செய்யத் தயாராகக் கலந்த கிளியரில் பாதி ஆவியாகிவிடும் என்று வைத்துக்கொண்டால், காரின் மேல் 1 லிட்டர் போய்ச் சேர வேண்டும். பழைய பாணி ஹை-பிரஷர் கன்னில், அடிப்பதில் சுமார் 30 சதவீதம்தான் காரில் ஒட்டும். அதாவது 3.3 லிட்டர் அடிக்க வேண்டும், 2.3 லிட்டர் காரைத் தொடாமலே காற்றில். ஹெச்.வி.எல்.பி. எனப்படும் குறைந்த அழுத்தக் கன்னில் ஒட்டுவது 65 சதவீதம் வரை. அப்போது 1.5 லிட்டர் போதும், காற்றில் வீணாவது அரை லிட்டர்.

'அப்போ ஹெச்.வி.எல்.பி. வாங்கிவிடலாமே' என்பீர்கள். அதற்கு நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் 1 ஹெச்.பி. கம்ப்ரஸர் தருவது 4 கன அடி அளவில். கதவின் பாதிவரை நன்றாக வரும், பிறகு அழுத்தம் இறங்கி, பெயிண்ட் துகள் துகளாகத் தெறித்து, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சொரசொரப்பாக நிற்கும். குறைந்த காற்றில் ஓடும் சின்னக் கன்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பேனல் என்றால் அவை போதும்.

இன்னொரு கணக்கு. 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள ஷெட்டில் 37.5 கன மீட்டர் காற்று இருக்கும். தின்னரில் இருக்கும் டொலுயின் ஆவி, காற்றில் ஏறக்குறைய 1.1 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். மூடிய அந்த ஷெட்டில் அந்த நிலைக்குப் போக 2 லிட்டருக்கும் குறைவான டொலுயின் ஆவியானால் போதும். பழைய கன்னில் 3.3 லிட்டர் கிளியர் அடித்தால் அதிலிருந்து கிளம்பும் ஆவி கிட்டத்தட்ட அதே அளவு. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கம்ப்ரஸர் மோட்டார் இருப்பதும் தரையில்தான். அதை வெளியே வைத்து நீளமான ஹோஸ் போடுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் அடிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில், கூடாது.

அன்று இரவு எனக்கு நடந்தது

மாலை 4 மணிக்கு வேலை முடிந்தது. முகத்தில் என்95 மாஸ்க். கொரோனா காலத்தில் நம்பிய மாஸ்க், இதற்கும் போதும் என்று நினைத்தேன். இரவு 11 மணிக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. இருமல், வீசிங். பெங்களூர் பூந்தூள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நேத்து என்ன வேலை பண்ணீங்க?"

காரணம், கிளியரோடு கலக்கும் ஹார்டனர். அதில் இருப்பது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் குடும்பம். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் '2கே' பெயிண்ட் எல்லாவற்றிலும் அநேகமாக இது உண்டு. பெயிண்ட் கடினமாகி, பெட்ரோல் பட்டாலும் கரையாமல் நிற்பது இதனால்தான். பெயரைக் கேட்டதும் போபால் ஞாபகம் வந்தால், தவறில்லை. 1984 டிசம்பரில் அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பெயிண்டில் இருப்பது அது இல்லை, அவ்வளவு எளிதில் ஆவியாகாத வேறு வகை. டப்பாவில் இருக்கும்வரை பெரிதாகப் பயமில்லை. ஆனால் கன் அதைப் பனிமூட்டமாக்கி நேராக உங்கள் நுரையீரலுக்கு அனுப்புகிறது.

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ. சொல்லும் எண் ஒன்று: வாகனப் பெயிண்டர்களுக்கு வேலையால் ஆஸ்துமா வரும் ஆபத்து, மற்ற தொழிலாளர்களைவிட சுமார் 80 மடங்கு. இந்தப் பனிமூட்டம் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, ஆபத்தான அளவில்கூட மூக்குக்கு வாசனை தெரியாது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில் வருவதால், பலர் பெயிண்டோடு முடிச்சுப் போடுவதே இல்லை. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். அந்த நிலைமை பெரும்பாலும் மாறாது.

மாஸ்க்? என்95 துகள்களைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கரி கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் அதைவிட மேல்தான். ஆனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனால் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் வாசனையே வராது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டவும் ஒட்டாது. அதனால்தான் ஹெச்.எஸ்.இ. கேட்பது வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் ஏர்-ஃபெட் முகமூடி. ஸ்ப்ரே முடிந்த உடனே அதைக் கழற்றுவதும் தவறு, பனிமூட்டம் அடங்க நேரமாகும். ஐரோப்பிய யூனியனில் 2023 ஆகஸ்ட் முதல், பயிற்சிச் சான்று இல்லாமல் தொழில்முறையில் இந்தப் பொருட்களைக் கையாளவே முடியாது.

நம் ஊர் ரோட்டோர ஷெட்களை யோசித்துப் பாருங்கள். கர்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு பையன் தினமும் இதைத்தான் அடிக்கிறான். 'ரிஸ்க் வேண்டாம், கடையில் கொடுத்துவிடலாம்' என்று நான் முடிவெடுத்தபோது, ரிஸ்க் எங்கேயும் போகவில்லை, ஆள்தான் மாறுகிறார் என்பது உறைத்தது. கடை தேடும்போது விலைக்கு முன்னால் பூத் இருக்கிறதா, பெயிண்டருக்கு என்ன முகமூடி என்று கேட்க ஆரம்பித்தேன். நான் கேட்ட ஐந்து கடைகளில் பூத் இருந்தது இரண்டில். ஏர்-ஃபெட் முகமூடி இருந்தது ஒன்றில்.

சரி, வீட்டில் எதுதான் செய்யலாம்?

நிறையவே செய்யலாம். என் யோசனை, வேலையைப் பிரித்துவிடுங்கள். கழுவுவது, பம்பர், லைட், ரப்பர் பீடிங் எல்லாம் கழற்றுவது, தேய்ப்பது, மாஸ்கிங் டேப் ஒட்டுவது, இதெல்லாம் வீட்டில். ஸ்ப்ரே மட்டும் பூத் உள்ள கடையில். கடைக்காரர்களுக்கும் நேரம் மிச்சம். 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றிக் காயவைக்கும் வசதி அங்கே உண்டு, கொசு வந்து ஒட்டாது. என் காருக்கு இப்படி ஆன செலவு, முதலில் கேட்ட தொகையில் பாதிக்கும் கொஞ்சம் மேலே. ஒன்று கவனிக்க: நீங்கள் தேய்த்த பரப்பில் குறை இருந்தால் கடை பொறுப்பேற்காது. அது நியாயமும்கூட.

வீட்டிலேயேதான் அடிப்பேன் என்றால், ஹார்டனர் கலக்காத வகைக்குப் போங்கள். நம் ஊரில் 'டூகோ' என்று இன்றும் அழைக்கப்படும் என்.சி. லாக்கர் ஒன்று. 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த டூகோ, வாரக்கணக்கில் காய்ந்த கார் பெயிண்டை மணிக்கணக்குக்குக் கொண்டுவந்தது. கம்பெனிப் பெயர் போய் பொருளுக்கே பெயராகிவிட்டது. பளபளப்பு 2கே அளவுக்கு நிற்காது, பெட்ரோல் சிந்தினால் கரையும். ஆனால் தப்பு செய்தால் தேய்த்துத் திருத்தலாம். தின்னர் ஆவிக்கும் தீக்கும் மேலே சொன்ன எச்சரிக்கை எல்லாம் இதற்கும் பொருந்தும். இன்னொன்று, சாதாரண எனாமலை ஃபோம் ரோலரில் மெல்லிய கோட்களாக உருட்டி, இடையிடையே தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. பனிமூட்டமே கிடையாது. பொறுமைதான் செலவு. பழைய ஜீப்புக்கு இது எனக்குப் பிடித்த வழி.

ஒரு எச்சரிக்கை. அடியில் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலந்துவிடும் 2கே ஸ்ப்ரே கேன்கள் விற்கின்றன. பார்க்க சாதாரண கேன் மாதிரிதான் இருக்கும். அதில் வருவதும் அதே ஐசோசயனேட்தான்.

வானிலையையும் பாருங்கள். 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், பனி படியும் வெப்பநிலை சுமார் 25. பெயிண்ட் அடிக்கும் தகரம் அதைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது சென்னை, மும்பை, கொச்சியில் பல மாதங்கள் நீங்கள் விளிம்பில்தான் நிற்கிறீர்கள். தின்னர் ஆவியாகும்போது தகரம் மேலும் குளிரும், ஈரம் படியும், லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். கம்ப்ரஸர் டேங்கில் சேரும் தண்ணீரை வடித்துவிட்டு, லைனில் வாட்டர் டிராப் போட்டு, வெயில் ஏறிய பிறகு ஆரம்பியுங்கள். வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

நிறம் மாற்றினால் ஆர்.சி.யில்?

உங்கள் ஆர்.சி.யில் நிறம் ஒரு பதிவு. சிவப்பை நீலமாக்கினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கையில் இருக்கும் பேப்பரில் வேறு நிறம் இருந்தால், தேவையில்லாத கேள்விகள் வரும். அதே நிறத்தை மறுபடி அடித்தால் இந்த அலைச்சல் இல்லை. நான் சிவப்போடு நின்றதற்கு முக்கியக் காரணம் அப்பா இல்லை, இதுதான்.

பழைய ஜீப், புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதிப்படி, ராணுவத்தின் ஆலிவ் கிரீன் நிறம் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே. இன்ஸ்டாகிராமில் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வேலை முடிந்ததும் மிச்சத்தை என்ன செய்வது? ஹார்டனர் கலந்த கிளியர் சில மணி நேரத்தில் தானே இறுகிவிடும். அதுவரை டப்பாவைத் திறந்தே, வெளியே, நிழலில் வையுங்கள். கழிவு ஹார்டனரை இறுக மூடி வைத்தால், அதில் ஈரம் பட்டு கார்பன் டை ஆக்ஸைடு உருவாகி டப்பா உப்பும், வெடிக்கவும் செய்யலாம். தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கன் கழுவிய தின்னரை ஒரு கேனில் சேர்த்து வைத்தால், அடியில் பெயிண்ட் படிந்து மேலே தெளியும். அதை அடுத்த முறை கன் கழுவ எடுத்துக்கொள்ளலாம். தின்னர் நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல், விரித்துக் காயப்போட்டு, பெயிண்ட் கடைக்காரரிடமோ மாநகராட்சியின் அபாயகரக் கழிவு சேகரிப்பிலோ கொடுத்துவிடுங்கள்.